சர்வேயர் பறந்த போட்டோ

ஆற்றுக்கு மேலே மோட்டார் சைக்கிளில் சர்வேயர் பறந்துகொண்டிருந்தபோது, பாதி வழியில் ஒரு கொக்கு வந்து ஹெட்லைட்டின் மேல் உட்கார்ந்தது. இளைப்பாறியது. இறகைக் கோதிக்கொண்டது. கழுத்தை வளைத்து அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஆள் பரவாயில்லை என்ற முடிவோடு எழுந்து போயிற்று. அத்தனை நேரமும் வண்டி ஆகாயத்தில்தான் இருந்தது.

இந்தக் கதையை அவர் சொல்லாத கல்யாண வீடு கிடையாது. சாவு வீட்டிலும் சொல்லியிருக்கிறார். அழுதுகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுக் கேட்டுவிட்டு, பிறகு விட்ட இடத்திலிருந்து அழுதார்கள். பகலெல்லாம் சங்கிலி பிடித்து ஊரார் நிலத்தை அளப்பது அவர் உத்தியோகம். சாயங்காலம் நாற்காலியில் சாய்ந்து கதை அளப்பது அவர் சுகம். முதல் அளவையில் ஓர் அங்குலம் பிசகினாலும் வெட்டுக்குத்து ஆகிவிடும் என்பதால், அங்கே மிச்சம் பிடித்த அங்குலங்களையெல்லாம் இரண்டாவது அளவையில் தாராளமாகச் செலவழித்தார். கரைக்கும் வண்டியோடு போய் விழுந்த படகுக்கும் நடுவே அவர் தாண்டிய தண்ணீர், கல்யாணமான புதிதில் ஒரு கட்டில் நீளம்தான் இருந்தது. மகள் பள்ளிக்கூடம் போனபோது ஒரு பஸ் நீளம் ஆயிற்று. ஓய்வு பெற்ற வருஷம், அந்த ஆறு கடலாவதற்குக் கொஞ்சம்தான் பாக்கி.

அப்படிப்பட்ட வாய்க்குத்தான் அந்தக் கதி வந்தது.

ஒரு காலை பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வலது கை ஈரத்துணி போலத் தொங்கியது. வாயில் ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது. மூளையில் ஏற்பட்ட பாழாய்ப்போன அடைப்பு, அவரிடமிருந்த லட்சம் சொற்களையும் வாரிச் சுருட்டிக்கொண்டு போகிற போக்கில் ஒன்றை மட்டும் வாசலில் சிந்திவிட்டுப் போயிருந்தது. அதுவாவது 'போடா' என்று இருந்திருக்கலாம். 'இல்லை' என்று இருந்திருந்தால்கூட அவர் சமாளித்திருப்பார். போயும் போயும் 'சரி' என்று இருந்தது.

பிறந்ததிலிருந்து அவர் யாரிடமும் சொல்லியறியாத சொல். இப்போது தண்ணீர் கேட்டாலும் சரி, தலையணை கேட்டாலும் சரி, வாயைத் திறந்தால் 'சரி'தான். தலையும் வாயோடு கூட்டுச் சேர்ந்துகொண்டு மேலும் கீழும் ஆடியது. உள்ளே எல்லாம் பளிங்கு போலத் தெளிவாக இருந்தது. வெளியே வரும் வழியில்தான் யாரோ நின்று எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு, இந்த ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். இடது கையில் பேனாவைக் கொடுத்துப் பார்த்தால் கோழிக் கிறுக்கல்தான் வந்தது. "பேச்சு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்" என்றார் டாக்டர். டாக்டரின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் என்று நினைத்தபடியே "சரி" என்றார் சர்வேயர்.

"இந்த ஒரு வார்த்தைக்குத்தான் இத்தனை வருஷமா தவம் கெடந்தேன்" என்று மனைவி முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பழகிவிட்டது.

"அந்த ஆடுற நாற்காலிய எடுத்துடலாமாங்க? இடத்தை அடைக்குது."

"சரி."

கதை அளந்த நாற்காலி பழைய சாமான்காரனோடு போயிற்று.

"மீசைய எடுத்துடலாமா? சாப்பாடெல்லாம் ஒட்டுது."

"சரி."

இரண்டு காதுகளையும் இணைத்துக்கொண்டு கிடந்த மீசை அது. அதன் நிழலில் ஒரு ஆள் மழைக்கு ஒதுங்கலாம். முடிதிருத்துபவரின் கத்தி நாலு இழுப்பில் அதை முடித்துவிட்டது. கண்ணாடியில் தெரிந்த மொழுக்கென்ற முகத்தைப் பார்த்து சர்வேயர் போட்ட கூச்சலில் வீடு இடிந்து விழுந்திருக்க வேண்டும். ஆனால் வீட்டுக்குக் கேட்டது, "சரி, சரி, சரி."

"பாத்தீங்களா, அவருக்கே புடிச்சிருக்கு" என்றாள் மனைவி.

இந்த லட்சணத்தில்தான் மகள் பழைய போட்டோக்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தாள். அவளுக்கு அச்சகத்தில் வேலை. குடும்பத்து ஆட்கள் மோட்டார் சைக்கிளோடு எடுத்துக்கொண்ட போட்டோக்களையெல்லாம் ஆல்பமாக அச்சடித்து, சொந்தக்காரர்கள் வீட்டுக்கு ஒன்று கொடுப்பதாக ஏற்பாடு.

"நாளைக்குக் காலைல மிஷின்ல ஏத்திடுவாங்கப்பா. ஒவ்வொண்ணா காட்டுறேன். கீழ நான் எழுதறது கரெக்டான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க, போதும்."

போதுமாம். நாளைக்கு அச்சாகிவிட்டால், அளந்து கல் நட்ட மாதிரி. அப்புறம் எந்தக் கொம்பன் வந்தாலும் பிடுங்க முடியாது. பேச வாய் இல்லாத ஆளுக்கு இனி அந்தக் காகிதம்தான் வாய். அதில் ஆறு தாண்டியது இல்லையென்றால், அவர் ஆறு தாண்டவே இல்லை.

போட்டோக்களில் ஆட்கள்தான் மாறினார்கள், வண்டி ஒன்றேதான். கறுப்பாக, கனமாக, உதைத்தால் முனகிவிட்டுச் சும்மா நிற்கும் என்பதால் அதற்கு 'எருமை' என்று பெயர். வாங்கியவர் சர்வேயரின் அண்ணன். முதல் போட்டோவில் அவர் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, எருமையின் ஹேண்டில்பார் மேல் புதுப் பெண்டாட்டியின் தோளில் போடுவது போலக் கை போட்டிருந்தார்.

"பெரியப்பா இதுல ஊர் ஊரா சுத்துவாராமே?"

அவனா? ஓட்டினால் டயர் தேய்ந்துவிடும் என்று துடைத்துத் துடைத்தே பெயிண்ட்டைத் தேய்த்தவன். இப்படிச் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"சரி."

'ஊர் ஊராகச் சுற்றிய பெரியப்பா' என்று மகள் எழுதிக்கொண்டாள்.

அடுத்ததில் அத்தை, அதே கறுப்புக் கண்ணாடியோடு, வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தபடி ஏறி உட்கார்ந்திருந்தாள். "அத்தை நல்லா ஓட்டுவாங்களாப்பா?" சரி. 'துணிச்சலாக ஓட்டிய அத்தை' ஆயிற்று. சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவள். அந்தப் போட்டோ எடுத்த மறு நிமிஷம் நிற்கிற வண்டியிலிருந்தே விழுந்தவள்.

மூன்றாவது, அந்தப் போட்டோ.

படகின் தளத்தில் எருமை கோணலாக நிற்கிறது. முன் மட்கார்டு நசுங்கியிருக்கிறது. சுற்றிலும் ஏழெட்டுப் பேர் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்கள். அன்றைக்கு அக்கரைப் பள்ளிக்கூடத்தில் படம் எடுக்கப் போய்க்கொண்டிருந்த ஸ்டுடியோக்காரர் ஒருவர் படகில் இருந்தார். வண்டி தொம்மென்று வந்து விழுந்ததும் அவர் கை தானாக காமிராவை அமுக்கிவிட்டது என்பது சர்வேயரின் வாக்குமூலம். வண்டி மேல் மீசையும் கறுப்புக் கண்ணாடியுமாக ஓர் இளவட்டம். அவன் முதுகில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு இன்னொருவன்.

மகள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "கறுப்புக் கண்ணாடி... இது பெரியப்பாதானே?"

சர்வேயர் இடது கையைத் தூக்கி நெஞ்சில் அறைந்துகொண்டார். நான். நான்டி. நான்.

"சரி! சரி!"

"அய்யோ, நெஞ்சு வலிக்குதா?" என்று மனைவி ஓடி வந்தாள். வாயில் ஒரு மாத்திரை விழுந்தது. நெஞ்சில் தைலம் பரவியது. "எல்லாத்தையும் காட்டிக் காட்டி மனுஷனை அலைக்கழிக்காதடி" என்று மகளுக்கு ஒரு திட்டு விழுந்தது. தைல எரிச்சலில் கண்ணில் நீர் கட்டிக்கொள்ள, 'பெரியப்பா, படகில்' என்று மகளின் பேனா எழுதுவதை சர்வேயர் பார்த்துக்கொண்டே இருந்தார். அதைத் தவிர அவரால் ஆகக்கூடியது வேறொன்றும் இல்லை.

அந்த நேரத்தில்தான் குமாஸ்தா உள்ளே வந்தார்.

சர்வேயர் மனைவியின் தம்பி. கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மச்சான் முறைக்கு முன்னாலேயே சர்வேயரின் கூட்டாளி. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து உதை வாங்கியவர். போட்டோவில் முதுகுக்குப் பின்னால் இருப்பதும் அவரே. அதனால் எந்தச் சபையில் ஆற்றுக் கதை வந்தாலும், கொக்கு பறந்து போன கையோடு எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பும். அவர் வெற்றிலை போட்டவர் போல நிதானமாக வாயை மெல்லுவார். "நான் பாக்கல" என்பார். "கண்ணால பாக்காததுக்கு நான் சாட்சி சொல்ல மாட்டேன்." சபை உருண்டு சிரிக்கும். "பின்னாடிதானேடா உக்காந்திருந்தே? கண்ணை எங்கடா அடகு வச்சிருந்தே?" என்று சர்வேயர் கர்ஜிப்பார். இந்தச் சண்டை இல்லாமல் இரண்டு பேருக்கும் சோறு இறங்காது.

"மாமா, இத கொஞ்சம் பாருங்க. பெரியப்பாதானே?"

குமாஸ்தா போட்டோவைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "யாரு, பெரியவரா? அவர் எருமை மேல உக்காந்ததே இல்லம்மா. இது உங்கப்பன்."

சர்வேயருக்கு அந்த ஆளின் வழுக்கையில் முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது.

"அப்போ ஆத்தைத் தாண்டினதுன்னு போட்டுடவா?"

"இதுல எங்க தாண்டுது? நின்னுக்கிட்டுல்ல இருக்கு. 'படகில், வண்டியுடன்'னு போடு."

"அப்பா சொல்லுவாரே மாமா—"

"அவரையே கேட்டுடுவோம்." குமாஸ்தா நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். முகத்தில் குறும்பு கொப்பளித்தது. எத்தனை வருஷக் காத்திருப்பு. "அத்தான், அந்தக் கொக்கு. பொய்தானே?"

"சரி."

குமாஸ்தா தொடையைத் தட்டிக்கொண்டார். "கேட்டுக்க அக்கா. ஒப்புக்கிட்டாரு. ஏன் அத்தான், பறந்ததும் ரீல்தான்?"

"சரி."

"படகு கரையிலயே கட்டிக் கெடந்துச்சு. நாம ரெண்டு பேரும் உருட்டிக்கிட்டுப் போய் ஏத்தினோம். அப்படித்தானே?"

கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார் சர்வேயர். பல்லைக் கடித்துக்கொண்டார். இந்த ஒரு தடவை மட்டும் தலை ஆடக் கூடாது என்று உடம்பிலிருந்த மிச்ச பலத்தையெல்லாம் கழுத்துக்கு அனுப்பினார். தலை ஆடியது. பல்லிடுக்கு வழியாக அது வழிந்தது.

"சரி."

'கரையில் கட்டியிருந்த படகில் வண்டியை ஏற்றியபோது' என்று மகள் எழுதினாள். எழுதி, கீழே ஒரு கோடும் இழுத்தாள்.

குமாஸ்தா சிரித்துக்கொண்டே கொஞ்சம் பின்னால் சாய்ந்தார். வழக்கமாக இந்த இடத்தில் இடி விழும். அதற்கு இடம் விட்டுத்தான் சாய்ந்தார். விழவில்லை.

"வண்டிய ஓட்டினதே நான்தான்" என்றார், கொஞ்சம் குரலை உயர்த்தி. "நீங்க பின்னாடி உக்காந்துக்கிட்டு அழுதீங்க."

"சரி."

"உங்களுக்கு அளக்கவும் தெரியாது. வரப்பை விட்டுட்டு வாய்க்காலை அளந்த சர்வேயர்தானே நீங்க?"

"சரி."

குமாஸ்தாவின் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோய், என்ன செய்வதென்று தெரியாமல் கிடந்தது. அவர் நாற்காலியை இன்னும் நெருக்கி, சர்வேயரின் தொங்குகிற கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அத்தான். என்னைத் திட்டுங்க. ஒரு தடவை திட்டுங்க."

"சரி" என்றார் சர்வேயர். திட்டத்தான் திட்டினார். அவர் அறிந்த வசவுகளிலேயே ஆகப் பெரியதை, ஏழு தலைமுறைக்கும் போய்ச் சேருகிற மாதிரி, மூச்சைப் பிடித்துத் திட்டினார்.

மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். மகள் மட்டும் போட்டோவை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்திருந்தாள்.

"மாமா, எல்லாரும் முழிச்சுப் பாத்துக்கிட்டு இருக்காங்க. நீங்க மட்டும் ஏன் கண்ண இறுக்கி மூடியிருக்கீங்க?"

"வெயிலு" என்றார் குமாஸ்தா. பிறகு போட்டோவை வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார். "அந்த வரிய அடிச்சிடும்மா" என்றார்.

"எந்த வரி?"

"இப்ப எழுதினது. படகு கட்டிக் கெடக்கல. கெளம்பிடுச்சு. அன்னைக்குத்தான் எனக்கு அக்கரையில கோர்ட் வேலைக்குப் பரீட்சை. எருமையோட சாவிய பெரியவருக்குத் தெரியாம எடுத்துக்கிட்டு, கண்ணாடியையும் எடுத்துக்கிட்டு வந்தாரு உங்கப்பா. படகுத்துறைச் சரிவுல எறங்கறப்போ பிரேக் கம்பி அறுந்துபோச்சு. ஒண்ணும் பண்ண முடியல. கால ஊனிப் பாத்தாரு, செருப்புதான் பிஞ்சுது. கண்ண மூடிக்கடான்னு கத்தினாரு. மூடிக்கிட்டேன். பாக்கலன்னு சொன்னேன்ல, அது நெசம். பாக்கல."

"பாக்கலன்னா எப்படி மாமா?"

"காது தொறந்துதானேம்மா இருந்துச்சு." அவர் மகளைப் பார்த்துப் பேசவில்லை, மடியிலிருந்த கையைப் பார்த்துப் பேசினார். "துறைல பலகை போட்டிருக்கும். சக்கரத்துக்கடியில அது கடகடன்னு வந்துச்சு. அப்புறம் அந்தச் சத்தம் நின்னுபோச்சு. இஞ்சின் மட்டும் கத்துது, கீழ ஒண்ணுமே இல்ல. வயிறு தொண்டைக்கு வந்துடுச்சு. கீழேயிருந்து தண்ணி வாசம் அடிக்குது. நான் எங்கம்மாவைக் கூப்பிட்டேன். முன்னாடியிருந்து அத்தானும் அவங்கம்மாவைக் கூப்பிட்டாரு. ரெண்டு பேரும் கூப்பிட்டு முடிக்கிற வரைக்கும் தரை வரல."

அம்மாவைக் கூப்பிட்ட சமாச்சாரம் இத்தனை வருஷக் கதையில் ஒருநாளும் வந்ததில்லை. சர்வேயரின் வாய் பதறித் திறந்தது. நான் கூப்பிடல, பொய் சொல்றான், அவன்தான் கூப்பிட்டான். வெளியே என்ன வந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. குமாஸ்தா அந்தக் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மகள் பேனாவின் மூடியைக் கழற்றினாள். "நெசமாத்தான் சொல்றீங்களா மாமா? நாளைக்கு அச்சாயிடும். அப்புறம் மாத்த முடியாது."

"எழுதும்மா" என்றார் குமாஸ்தா. "பறந்தோம். நடந்ததுதான்."