புவனேஸ்வரி அக்கா கொண்டுவந்த ஊத்தா

மதுரை ஹைகோர்ட்டில் என் வீட்டுக்காரர் அய்யப்பனுக்கு விடுதலை என்று தீர்ப்பு வந்ததும், வக்கீல் அன்புமொழியைக் கையெடுத்துக் கும்பிட்டேன். "என்னைய ஏங்க கும்பிடுறீங்க? புவனேஸ்வரி சொன்ன சாட்சியத்தத்தான் நான் படிச்சுக் காட்டுனேன்" என்றார்.

புவனேஸ்வரி, செத்துப்போன ஆண்டிச்சாமியின் மனைவி.

அன்னவாசல் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயில் அன்றைக்கு மீன்பிடித் திருவிழா. ஊர்ப் பெரியவரான அம்பலக்காரர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊரே ஊத்தாவும் கையுமாக இறங்கியது. அடியில்லாத மூங்கில் கூடைதான் ஊத்தா. இரண்டு கையாலும் பிடித்துச் சேற்றில் அமுக்க வேண்டும். அந்த நெரிசலில் ஆண்டிச்சாமி விழுந்து, மடைக்கல்லில் தலை அடிபட்டு இறந்துபோனார். முந்தின வாரம்தான் வரப்புத் தகராறில் என் வீட்டுக்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "ஒன்னயப் பாத்துக்கிறேன்" என்று அவரிடம் கத்தியிருந்தார். அது போதாதா? தள்ளிக் கொன்றதாக வழக்கு. கீழ்க்கோர்ட்டில் ஏழு வருஷம் போட்டார்கள்.

அந்தக் கோர்ட்டிலேயே புவனேஸ்வரி அக்கா சொல்லியிருந்தாள். "கரையில நின்னு பாத்தேங்க. அய்யப்பன் ரெண்டு கையாலயும் ஊத்தாவ அமுக்கிக்கிட்டு இருந்தாரு. எங்க வீட்டுக்காரரு தானா வழுக்கித்தான் விழுந்தாரு." கூட்டத்தில் சரியாகப் பார்த்திருக்க முடியாது என்று அதைத் தள்ளிவிட்டார்கள். கொழுந்தன்மார் அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்தினார்கள். அப்பீலில்தான், புருஷனைப் பறிகொடுத்தவள் இவரைக் காப்பாற்ற ஏன் பொய் சொல்ல வேண்டும் என்று நீதிபதி கேட்டார்.

இந்தப் பங்குனியில் மறுபடி திருவிழா. இவர் வீட்டை விட்டு அசையவில்லை. "என் ஊத்தாவத்தான் போலீஸ் கொண்டுபோயிருச்சே" என்றார். நொண்டிச்சாக்கு. கண்மாயைப் பார்க்கவே இவருக்குப் பயம்.

அப்போது அக்கா வந்தாள், கையில் ஆண்டிச்சாமியின் ஊத்தாவோடு.

"தம்பி, இந்தத் திருவிழா மீன யாரும் விக்க மாட்டாக, வாங்கவும் முடியாது. அவரு போனதுலேருந்து திருவிழா அன்னைக்கு எங்க வீட்டுல மட்டும் மீன் கொழம்பு கொதிக்கிறதில்ல. நீங்கதான் எறங்கிப் புடிச்சுத் தரணும்."

இவர் அதை வாங்கிக்கொண்டு நடந்தார். இந்த ஜென்மத்தில் இவளை நான் மறக்க முடியுமா? அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

"அதெல்லாம் இருக்கட்டும் கலை. துண்டு வீசப்போறாக, வா" என்றாள்.

கொழுந்தன்மார் பார்த்துக்கொண்டிருக்க, இவர் கண்மாயில் இறங்கி இரண்டு கையாலும் ஊத்தாவை அமுக்கினார். அன்று அக்கா நின்ற அதே இடத்தில், அவள் பக்கத்தில் நானும் நின்று பார்த்தேன்.