மரத்தின் கடைசி வட்டம்

சிவசங்கரால் எதையும் விளக்காமல் இருக்க முடியாது. பாய்லர் ஏன் கூவுகிறது என்று டீ மாஸ்டருக்கே விளக்குவான். அவரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், சர்க்கரை போடலாமா வேணாமா?" என்பார்.

செஞ்சியில் ஒரு தனியார் பள்ளியில் அவன் இயற்பியல் ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமையானால் யூடியூப். 'மூன்று மலை' என்கிற சேனலில் பேசுவது அவன். படம் வரைவது, பேச்சை வெட்டி ஒட்டுவது, ஏற்றுவது எல்லாம் வளவன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஃபிளக்ஸ் கடையில் வளவன் டிசைனர். பத்தாம் வகுப்பில் ஒரே பெஞ்ச்சில் உட்கார்ந்த பழக்கம், அப்படியே வளர்ந்து இங்கே வந்து நின்றது.

ஒரு விண்கப்பல் தொடர் அப்போது தமிழில் ஓடிக்கொண்டிருந்தது. ஊரில் பாதிப் பிள்ளைகள் அதில்தான் கிடந்தார்கள். சிவசங்கர் அந்தத் தொடரின் கதைமாந்தர்களைக் கபாலா வழியாக விளக்கினான். கபாலா என்பது யூதர்களின் மறைஞானம். எல்லையில்லாத ஒளி ஒன்று பத்துப் பாத்திரங்கள் வழியாக வடிந்து இந்த உலகமாக ஆகிறது என்பது அவர்கள் கணக்கு. அந்தப் பத்தையும் வட்டங்களாகப் போட்டு, கோடுகளால் இணைத்தால் ஒரு மரம் மாதிரி வரும். வலப்பக்கத் தூண் கருணை. இடப்பக்கத் தூண் கண்டிப்பு. நடுத்தூண் இரண்டையும் சமன் செய்வது. கருணையை மட்டும் திறந்துவிட்டால் வெள்ளம், கண்டிப்பை மட்டும் வைத்தால் வறட்சி.

இதைச் செஞ்சிக் கோட்டையின் மூன்று மலைகளாக வரையலாம் என்றது வளவன்தான். நடுவில் ராஜகிரி, இரண்டு பக்கமும் கிருஷ்ணகிரியும் சந்திரகிரியும், மூன்றையும் இணைக்கும் மதில்தான் கோடுகள். அந்தப் படத்துக்காகவே ஆட்கள் சேனலுக்கு வந்தார்கள். எல்லோரையும் காப்பாற்றப் போய்க் கப்பலையே கவிழ்க்கப் பார்த்த டாக்டர் ஈலின் கருணை மலைமேல் நின்றாள். சட்டம் தவிர வேறெதுவும் தெரியாத பாதுகாப்பு அதிகாரி க்ராஸ் கண்டிப்பு மலைமேல்.

ஒளி தாங்காமல் பாத்திரங்கள் உடைந்து சிதறிய கதை, சிதறிய பொறிகளைப் பொறுக்கிச் சேர்ப்பதே மனிதர் வேலை என்கிற கதை எல்லாம் வாரவாரம் போயின. உலகம் தோன்ற இடம் வேண்டும் என்று அந்த எல்லையில்லாதது முதலில் தன்னையே சுருக்கிக்கொண்டது என்கிற கதைதான் முதல் வாரம். சுருங்குவதைப் பற்றி அவன் அரைமணி நேரம் பேசினான். வளவன் அதை நாலு நிமிஷமாக்கினான்.

"உன் பேச்சுல பாதி 'ஏன்னா'தான்டா இருக்குது. அத எடுத்தாலே படம் ஓடும்."

"ஏன்னா, காரணம் சொல்லாம எப்படிடா..."

"பாத்தியா."

இந்த நிலையில்தான் டப்பி வந்தது. டப்பி அந்தக் கப்பலின் அடித்தட்டில் கழிவுக் குழாய் சரிசெய்யும் இயந்திரம். வளவனுக்கு டப்பி என்றால் உயிர். ஃபோன் முகப்பிலும் அதுதான், வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கரும் அதுதான். டப்பிக்கான வாரம் வந்ததும் சிவசங்கர் அதை மரத்தின் கடைசி வட்டத்தில் வைத்தான். அதன் பெயர் மல்கூத், அரசு என்று பொருள். மேலே உள்ள ஒன்பதின் ஒளியும் கடைசியில் வந்து சேருமிடம். நிலவு மாதிரி அதற்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, ஆனால் அது வாங்கிக் கொடுக்காவிட்டால் உலகமே கிடையாது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பார்ப்பவர்களுக்கு நன்றாகப் புரியட்டும் என்று உற்சாகத்தில் ஒன்றைச் சேர்த்தான். "இந்த மரத்த மனுஷ உடம்பாவும் பாக்கலாம். மேல தலை, ரெண்டு பக்கம் தோள், கீழ கால். இப்ப நம்ம சேனலையே எடுத்துக்குங்க. பேசற நான் தலைன்னு வச்சுக்குங்க, எங்க வளவன் கால். மல்கூத். சொந்தமா வெளிச்சம் இல்ல, ஆனா அவன் இல்லாம இது உங்ககிட்ட வராது." சொல்லிவிட்டுச் சிரித்தான். வளவன் அப்போது அங்கே இல்லை. சிவசங்கர் தனியாகப் பேசிப் பதிவு செய்து அனுப்புவான், வளவன் வெட்டும்போதுதான் முதல்முறை கேட்பான். அதுதான் அவர்கள் வழக்கம்.

அந்த வாரம் வளவன் ஒன்றையும் வெட்டவில்லை. இருமல், தடுமாற்றம், அத்தனை 'ஏன்னா'வும் அப்படியே இருந்தன. மலையடிவாரத்தில், கோட்டை வாசலுக்கு வெளியே, கடைசி வட்டத்துக்குள் தன் முகத்தையே வரைந்து வைத்திருந்தான். முழுசாக விட்டிருக்கிறானே, அவ்வளவு நன்றாகப் பேசியிருக்கிறோம் போல என்று சிவசங்கர் பூரித்துப்போனான்.

அதற்கடுத்த ஞாயிறு வளவன் ஃபோனை எடுக்கவில்லை. அதற்கடுத்ததும் அப்படியே. ஒரு புதன்கிழமை பள்ளி விட்டதும் சிவசங்கர் ஃபிளக்ஸ் கடைக்குப் போனான். ஏதோ காதுகுத்து பேனர் மெஷினிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"இன்னாடா, கோவமா?"

"வேல இருக்குது."

"டப்பி எபிசோடுதான் இதுவரைக்கும் போட்டதிலயே அதிகம் பாத்திருக்காங்க, தெரியுமா?"

"தெரியும். எங்க தெருவுல பசங்க எல்லாம் பாத்துட்டானுங்க." வளவன் பேனரின் ஓரத்தைக் கத்தியால் நேராக்கினான். "'இன்னா மல்கூத், சாப்டியா'ன்றானுங்க. எங்க நைனாவும் பாத்தாரு. இன்னாடா, நீயே உன் மூஞ்சியக் கால்ல வரைஞ்சிருக்கன்னு கேட்டாரு. அவர்கிட்ட நான் இன்னா சொல்றது?"

"கால்னா மட்டம்னு நான் சொல்லவே இல்லியேடா."

"நீ சொல்லல. தலை, தோள், கால்னு யாரு படம் போட்டாலும் எங்காளுங்க எங்க இருப்பாங்கன்னு எனக்கு முன்னாடியே தெரியும். எங்கியோ யூதருங்க எழுதி வச்சதாம், புதுசா இருக்குதேன்னு நானும் ஆசையா வரைஞ்சேன். கடைசியில நீ அதையும் இங்க கொண்டாந்து நிறுத்திட்ட."

சிவசங்கருக்குக் காது சூடானது. இத்தனை வருஷத்தில் வளவன் அவன் வீட்டுக்கு எத்தனை முறை வந்திருக்கிறான், ஒவ்வொரு முறையும் வாசலில் வண்டியை அணைக்காமல் நின்றே பேசிவிட்டுப் போயிருக்கிறான் என்பது இப்போதுதான் மண்டையில் ஏறியது. அவசரக்காரன் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தான்.

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தான். வந்தது வேறு.

"இல்லடா, நீ தப்பா எடுத்துக்கிட்ட. ஏன்னா, மல்கூத்துனா ராணி. அந்த மரத்துக்கு வேர் மேல இருக்குது, தலைகீழ் மரம். அதனால கடைசின்றது உண்மையில பழம் பழுக்கிற இடம். தெய்வமே அங்கதான் வந்து தங்குதுன்னு அவங்க..."

மெஷின் நின்றது. வளவன் அவன் பேசி முடிக்கும்வரை காத்திருந்தான்.

"முடிச்சிட்டியா? அழகா இருக்குது. இதையும் முன்னாடியே கேட்டிருக்கோம். கால் இல்லாம உடம்பு நிக்குமான்னு எங்க நைனாகிட்டயும் சொல்லியிருக்காங்க, நல்லவங்கதான். விளக்கம்தான் ஏறுது, ஆள் அங்கியேதான் இருக்கான்."

"வேணும்னா வீடியோவ எடுத்துடறேன்."

"எடு, எடுக்காத. பாத்தவன் பாத்துட்டான். நான் வெட்டியிருக்கலாம், ஒரு நிமிஷ வேல. நீயே பாத்துட்டு ஃபோன் பண்ணுவன்னு விட்டேன். பண்ணுன. சூப்பரா வந்திருக்குதுடான்ன." சேனலின் பாஸ்வேர்டை ஒரு துண்டு ஃபிளக்ஸில் எழுதிக் கொடுத்தான். "போ, சிவா. இத நாளைக்குள்ள டெலிவரி குடுக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை காலை சிவசங்கர், வழக்கமாகப் பேசிப் பதிவு செய்யும் ராஜகிரி அடிவாரத்துக்குப் போனான். டப்பி வீடியோவைச் சேனலிலிருந்து முந்தின நாளே எடுத்துவிட்டான். அந்தத் தலை, கால் பேச்சை மட்டும் வெட்டிவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாம் என்று முயன்று பார்த்ததில், வெட்டிய இடத்தில் அவன் தலை ஒரு குதி குதித்தது. அந்த மாதிரி இடங்களில் வளவன் மலைப்படத்தைப் போட்டு மூடிவிடுவான். இத்தனை நாளும் தான் தடங்கலில்லாமல் பேசுவதாக அவன் நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் அந்த மலைகள் மறைத்துக் கொடுத்ததுதான்.

கல்லில் உட்கார்ந்து செய்தி அடிக்க ஆரம்பித்தான். நீளமாக வந்தது. மல்கூத் இருந்தது, நிலவு இருந்தது, பள்ளி பெஞ்ச் இருந்தது. படித்துப் பார்த்தான். எல்லாவற்றையும் அழித்தான். 'தப்பு என்னுது' என்று மட்டும் அடித்து அனுப்பினான்.

சிறிது நேரத்தில் இரண்டு டிக்கும் நீலமாயின. வளவன் ஏதோ அடிப்பதாகக் காட்டியது. பிறகு அதுவும் நின்றுபோனது.

படியில் ஒரு குடும்பம் மூச்சுவாங்க ஏறிக்கொண்டிருந்தது. சிவசங்கரின் கட்டைவிரல் தானாக 'ஏன்னா' என்று அடித்தது. அதைச் சற்றுநேரம் பார்த்தான். ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு, ஃபோனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, வாயை மூடி உட்கார்ந்திருந்தான். வெயில் ஏறியது. பதில் வரவில்லை.