அருமைநாயகத்தின் கடைசி அலறல்

ஹார்ட் ராக் பாடகர் அருமைநாயகத்தின் கச்சேரிக்கு வருகிறவர்கள் தூக்குச்சட்டி கொண்டுவருவார்கள். அவர் அலறும்போது மூடியைத் திறந்து பிடிப்பார்கள். நிறைந்ததும் மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். எங்கள் பாளையங்கோட்டையில் எதையும் வீணாக்குகிற பழக்கம் கிடையாது.

மொட்டைமாடியில் வத்தல் காயும்போது மூடியை லேசாகத் திறந்துவைத்தால் போதும், ஒரு காக்கை அண்டாது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை எழுப்பவும் கொஞ்சம் எடுத்துக்கொள்வார்கள்.

குரல் மொத்தமும் சட்டிகளுக்குள் போய்விடுவதால், அரங்கில் கிட்டாரும் டிரம்ஸும் மட்டும்தான் கேட்கும். அவர் காதுக்கே அவர் பாட்டு எட்டியதில்லை. இடுப்புவரை முடி வளர்த்து, சித்திரை வெயிலில் தோல் ஜாக்கெட் போட்டு, முதுகெல்லாம் வேர்க்குருவோடு இருபத்திரண்டு வருஷம் வாயைத் திறந்து மூடியதுதான் மிச்சம். ஒரே ஒரு ஆள் ஒரு பாட்டைக் கடைசிவரை கேட்டுவிட்டால் ஜென்மம் சாபல்யம் என்று நினைத்தார். பாவம், பெரிய ஆசைதான்.

"போன தடவை கொஞ்சம் தண்ணியா இருந்துச்சே அண்ணாச்சி," என்றாள் எதிர்வீட்டு செண்பகம்.

டாக்டர் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். "இன்னும் ஒரு அலறல்தான் பாக்கி. அதுக்கப்புறம் பேசிக்கலாம், கத்த முடியாது."

கடைசிக் கச்சேரிக்குப் போஸ்டர் ஒட்டினார்கள். 'பாத்திரம் கொண்டுவரக் கூடாது.'

"சட்டி இல்லாம வந்து என்னத்துக்கு?" என்றாள் செண்பகம். ஊரே அப்படித்தான் கேட்டது. வந்தது அவர் மனைவி எஸ்தர் ஒருத்திதான். முன்வரிசையில் நேராக உட்கார்ந்தாள். அருமைநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு ஆள் போதுமே!

டிரம்ஸ் முழங்கியது. மைக்கைப் பிடித்தவர் ஒரு இருமல் இருமினார். எஸ்தருக்குப் பொறுக்கவில்லை. மேடைக்கு ஓடிவந்து, சுக்குக்காப்பி பிளாஸ்க்கின் மூடியைத் திருகினாள். அவர் வாயைத் திறந்ததும் அந்த நேரம்தான். கடைசி அலறல் ஒரு சொட்டு சிந்தாமல் பிளாஸ்க்குக்குள் இறங்கிவிட்டது.

"ஐயோ, உள்ள போயிருச்சே!" என்றாள்.

"போகட்டும் விடு," என்றார். மைக்கைக் கழற்றிப் பையில் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்க்கிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றி அவருக்கு நீட்டினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாளையங்கோட்டைக்காரி, வீணாக்குவாளா? மொத்தத்தையும் அவளே குடித்தாள்.

மறுநாள் காலை எஸ்தர் வாசலுக்குப் போய் பால்காரரிடம், "அரை லிட்டர்," என்றாள்.

நாலு நிமிஷம் நீடித்தது அந்த அலறல். பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கடைசிவரை கேட்டார். செண்பகம் சட்டி எடுக்க மறந்து நின்றாள். முடிந்ததும் தெரு முழுக்கக் கைதட்டியது.

அருமைநாயகம் ஜன்னலோரம் நின்று தன் பாட்டை முதன்முதலாக முழுசாகக் கேட்டார். நன்றாகத்தான் இருந்தது. சுக்கு மட்டும் கொஞ்சம் தூக்கல்.

"ஒன்ஸ் மோர்!" என்றார், கரகரத்த தொண்டையோடு.

"அரை லிட்டரே போதுங்க," என்றாள் எஸ்தர். அது ஆறு நிமிஷம் போயிற்று.