சுற்றாமல் இறுக்கிய நட்

என் நாத்தனார் ஒரு பேரிங்கைக் கழற்ற எடுத்துக்கொள்ளும் நேரத்தில் நான் ஒரு கல்யாணத்துக்கே சமைத்துப் பரிமாறிப் பாத்திரமும் கழுவிக் கவிழ்த்துவிடுவேன். இதை அவள் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறேன். "சரி அண்ணி" என்பாள், அவ்வளவுதான். வேகம் மட்டும் ஒரு இம்மி கூடாது. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். எதையும் எடுத்தோம் முடித்தோம் என்று இருந்தால்தான் சோறு இறங்கும்.

பட்டறை என் அப்பா எனக்கு விட்டுப்போனது. லேத் வேலை என்னுடையது. நாத்தனார் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடியதும், "தங்கச்சியை உன்கூட வெச்சுக்கோயேன்" என்று என் வீட்டுக்காரர் நச்சரித்தார், வைத்துக்கொண்டேன். பதினோரு வருஷம் பேரிங் மாட்டிய கை அது. எனக்கு அதன் மதிப்பு தெரியவில்லை, உண்மையைச் சொல்வதில் என்ன வெட்கம்.

போன மாதம் குடிநீர் நிலையத்தின் பெரிய பம்ப் நின்றுபோனது. உள்ளே சுழலும் தண்டு, அதாவது ஷாஃப்ட், முறிந்திருந்தது. சின்ன பம்பை வைத்துப் பள்ளத்துத் தெருக்களுக்குத் தண்ணீர் விட்டார்கள். மேட்டுத் தெருவுக்கு ஏறவில்லை. எங்கள் வீடு மேட்டுத் தெரு. நாலு நாளாகக் குடம் தூக்கித் தூக்கி எனக்குத் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. நிலையத்து இன்ஜினியர் பம்பின் பேரிங் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு எங்களிடமே வந்தார்.

"ஷாஃப்ட் நீங்க புதுசா கடைஞ்சுடுவீங்கக்கா, அது கவலையில்ல. உள்ள இருக்கிற ரெண்டு ரோலர் பேரிங்தான் பிரச்சனை. நல்லாத்தான் இருக்கு. ஆனா கழட்டும்போது போச்சுன்னா புதுசு வர அஞ்சு வாரம். அதுவரைக்கும் மேட்டுத் தெருவுக்குத் தண்ணி கிடையாது."

ஷாஃப்டை ஒன்றரை நாளில் கடைந்து முடித்தேன். நாத்தனார் உடைந்த ஷாஃப்டின் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பெண் பார்க்க வந்தவள் மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு தட்டு தட்டினா வந்துடப் போகுது. என்னத்தைப் பாக்குறே?" என்றேன்.

"தட்டினா வரும் அண்ணி. ஆனா பேரிங்கா வராது."

பேரிங்கின் உள்வளையம்தான் ஷாஃப்டைக் கவ்விக்கொண்டிருக்கிறது. அதை விட்டுவிட்டு ரோலரையோ, ரோலர்களைத் தாங்கும் கூட்டையோ பிடித்து இழுத்தால் கூடு நசுங்கும், ரோலர் கோணிக்கொள்ளும், அப்புறம் அது குப்பைக்குத்தான். உள்வளையத்துக்குப் பின்னால் விரல் நுழையும் அளவு கூட இடமில்லை. அவள் ஒரு இரும்புத் தகட்டை வட்டமாகக் குடைந்து, இரண்டாக அறுத்து, விளிம்பை அரத்தால் ராவி ராவி, அந்த இடுக்கில் இரண்டு பக்கமும் செருகினாள். இதற்கே ஒன்றரை மணி நேரம். பிறகு திருகி இழுக்கும் புல்லரை அந்தத் தகட்டில் மாட்டி, திருகைக் கால் சுற்று திருகுவாள், நிறுத்துவாள், பார்ப்பாள். திட்டுவதற்காகத்தான் பக்கத்தில் போனேன். 'டொக்' என்று ஒரு சத்தம். வளையம் நகர்ந்து, வழுக்கிக்கொண்டு அவள் உள்ளங்கைக்கு வந்தது. ஒரு ரோலரில் ஒரு கீறல் இல்லை. திட்ட வந்தவள் விளக்கை நகர்த்திப் பிடித்தேன்.

கழற்றியதைக் கழுவி, எண்ணெய் பூசி, எது மோட்டார் பக்கம் எது பம்ப் பக்கம் என்று சீட்டெழுதிக் கட்டி, தனித்தனித் துணியில் சுற்றி வைத்தாள். மாட்டும்போது உள்வளையத்தை நூற்றிப்பத்து டிகிரிக்குச் சூடாக்கினாள், அதற்கு மேல் போகவிடவில்லை. சூட்டில் விரிந்த வளையம் தள்ளாமலே ஷாஃப்டில் ஏறிக்கொண்டது. ஏறியதும் கையை எடுக்காமல் அழுத்திப் பிடித்தபடி நின்றாள். ஆறும்போது வளையம் சுருங்கி, உட்கார வேண்டிய இடத்தை விட்டு ஒரு மயிரிழை விலகிவிடுமாம். முப்பது வருஷம் பட்டறையில் இருந்தவள் நான், எனக்கு இது தெரியாது. தெரிந்த மாதிரித் தலையாட்டினேன்.

ஷாஃப்டைப் பெட்டிக்குள் இறக்கி, இரண்டாவது வளையத்தையும் ஏற்றி, நட்டை லேசாகத் திருகி வைத்தாள். "ஆறட்டும் அண்ணி. சாப்ட்டு வந்து இறுக்கிக்கலாம்" என்று கை கழுவப் போனாள்.

அவள் அந்தப் பக்கம் போக, போன் வந்தது. "நாலு மணிக்கு வண்டி அனுப்பட்டுமாக்கா?" என்று இன்ஜினியர் கேட்டார். "அனுப்புங்க, முடிஞ்ச மாதிரிதான்" என்றேன். வாயைக் கொடுத்தாகிவிட்டது. ஒரு நட்தானே, இதற்கு என்ன சாஸ்திரம் என்று ஸ்பேனரை எடுத்து, கேட்டலாகில் போட்டிருந்த அளவுக்கு இறுக்கிவிட்டு, நிம்மதியாகக் கையைத் துடைத்துக்கொண்டேன்.

நாத்தனார் வந்து நட்டைப் பார்த்தாள். ஷாஃப்டைக் கையால் பத்துப் பதினைந்து சுற்று சுற்றினாள். பிறகு மயிரிழை அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்து, ஷாஃப்டை முன்னும் பின்னும் அசைத்தாள். முள் ஆடியது. ஆடவே கூடாது. எதிரெதிராக உட்காரும் இந்த ஜோடிக்குச் சிறிதளவு இறுக்கம் எப்போதும் இருக்க வேண்டும். அதைத்தான் ப்ரீலோடு என்பார்கள்.

"இறுக்கும்போது சுத்தினீங்களா அண்ணி?"

"சுத்தணுமா?"

"சுத்திக்கிட்டேதான் இறுக்கணும். அப்பதான் ரோலர் எல்லாம் அதது எடத்துல போய் உக்காரும். இல்லன்னா கோணலா நின்னுக்கிட்டு, இறுகிடுச்சுன்னு நம்மள ஏமாத்தும். இப்ப சுத்தினதும் உக்காந்துடுச்சு, இறுக்கம் போயிடுச்சு. இப்படியே ஓட்டினா நாளைக்குள்ள வெந்துடும்." கொஞ்சம் நிறுத்தி, "அது பரவால்ல, மறுபடி இறுக்கிக்கலாம். கோணலா நின்ன ரோலர் பாதையில தழும்பு போட்டிருக்கான்னு பாக்கணும். திரும்பக் கழட்டணும்" என்றாள்.

தழும்பு விழுந்திருந்தால் ஐந்து வாரம். மேட்டுத் தெரு முழுக்கக் குடத்தோடு நடக்கும், என்னால்.

இன்ஜினியருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டேன். "வண்டி வேணாம் தம்பி. இறுக்கினது சரியில்ல, திரும்பப் பிரிக்கணும்."

"உங்க நாத்தனாரா? அவங்க கொஞ்சம் மந்தம்னு நீங்களே சொல்வீங்களே. வேற ஆளை வெச்சுப் பாக்கக் கூடாதாக்கா?"

நாத்தனார் நாலடி தள்ளி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ஒரு 'ம்' கொட்டியிருந்தால் போதும், விஷயம் அதோடு முடிந்திருக்கும். அந்த 'ம்' தொண்டை வரை வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"அவ இல்ல தம்பி. அவ சாப்பிடப் போன நேரத்துல நான் இறுக்கினேன். அவசரத்துல புத்தி கெட்டுப்போச்சு. கண்டுபிடிச்சது அவ."

நாத்தனார் அந்த அரைவட்டத் தகடுகளை எடுத்துக்கொண்டு குனிந்தாள்.

மறுபடியும் அதே கால் சுற்று, அதே நிறுத்தம். இந்த முறை நான் வாயே திறக்கவில்லை. வளையங்களை விளக்கடியில் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்து, ஒவ்வொரு ரோலராகப் பார்த்தாள். பாதை முழுக்க நகத்தை மெதுவாக ஓட்டினாள். ஒரு இடத்தில் நகம் நின்றது. என் உயிரும் நின்றது. துணியால் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டினாள்.

"எண்ணெய்ப் பிசுக்குதான். தப்பிச்சுது அண்ணி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்குத் தெரியாமல் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

சூடாக்கி, ஏற்றி, ஆறவிட்ட பிறகு, "நீங்க சுத்துங்க, நான் இறுக்குறேன்" என்றாள். சுற்றினேன். "நிறுத்தாதீங்க." நிறுத்தவில்லை. அவள் கொஞ்சம் இறுக்குவாள். ஷாஃப்டில் நூலைச் சுற்றி, ஸ்பிரிங் தராசில் மாட்டி இழுத்து, எவ்வளவு விசையில் சுழல்கிறது என்று பார்ப்பாள். மறுபடி கொஞ்சம் இறுக்குவாள். என் கைக்கு அடியில் ஷாஃப்ட் மாறிக்கொண்டே வந்தது. முதலில் கடகடவென்று சுற்றியது, பிறகு கையைச் சற்றே பிடித்தது, கடைசியில் தேனில் கரண்டி சுற்றுவது போல ஒரே சீராகச் சுற்றியது. தராசு முள் குறித்த இடத்தில் நின்றது. இவ்வளவு அழகான வேலையை இத்தனை நாள் மந்தம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். என் வாயை எதைக் கொண்டு கழுவுவது?

மறுநாள் காலை நிலையத்தில் பம்பை ஓட்டினோம். முதலில் தண்ணீரைத் திரும்பத் தொட்டிக்கே விட்டார்கள். நாத்தனார் பேரிங் பெட்டியின் மேல் கையை வைத்து நின்றாள். பெட்டி மெல்லச் சூடேறியது. ஒரு மணி நேரமாயிற்று. இன்ஜினியர் என்னிடம், "மேட்டுத் தெரு வால்வைத் திறந்துடலாமாக்கா?" என்றார்.

"என்னை ஏன் கேக்குறீங்க? அவளைக் கேளுங்க."

கேட்டார். "இன்னும் அரை மணி நேரம். சூடு ஏறுறது நிக்கட்டும்" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் பம்ப் அறைப் படியில் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் கழித்து, "நின்னுடுச்சு, தொறங்க" என்றாள்.

சிறிது நேரத்தில் வீட்டுக்காரர் போன் செய்தார். "குழாய்ல தண்ணி வந்துடுச்சு. தெருவே உன்னைக் கொண்டாடுது போ."

"என்னை இல்ல. உங்க தங்கச்சியை" என்று சொல்லி, போனை அவள் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். அவள் கை இன்னும் பெட்டியின் மேல்தான் இருந்தது.