முதல் பன்னிரண்டு நொடிகள்

...இன்னும் நாற்பது நிமிடம் ஆற வேண்டும், அவசரப்பட்டு மாட்டினால் பூச்சு உரிந்து மெஷினில் ஒலியைப் படிக்கிற ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் தலைகீழாக நின்றாலும் சத்தம் வராது. இந்தப் பழைய ஒலிநாடாக்கள் எல்லாம் இப்போது ஒரே ஒரு தடவைதான் பாடும், அதுவும் சூட்டுப்பெட்டியில் எட்டு மணி நேரம் வைத்து ஈரத்தை எடுத்து, பிறகு நன்றாக ஆறவிட்டால்... ஆவணக் காப்பகத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் நான்தான் இதை விளக்குவேன், இங்கே பொறுமைதான் முக்கியம் என்று பெரிய மனுஷி மாதிரி சொல்வேன், இப்போது என் கை அந்த அட்டைப்பெட்டியை விட்டு நகர மாட்டேன் என்கிறது. பெட்டியின் மேல் சிவப்பு மையில் இருநூற்றுப் பன்னிரண்டு. உள்ளே, மடித்த ஒரு தாள். மற்ற பெட்டிகளில் இப்படித் தாள் இருந்ததே இல்லை, பதிவுத் தாள்களை அந்தக் காலத்திலேயே கட்டி எங்கேயோ தொலைத்துவிட்டார்கள், இது மட்டும் எப்படியோ தப்பி உள்ளேயே கிடந்திருக்கிறது. நிகழ்ச்சி: ஏன் அப்படி. பொருள்: வாளி நிரம்புவது காதுக்கு எப்படித் தெரிகிறது. எண் சொன்னவர்: அந்த இடத்தில் ஒரு கையெழுத்து, முதல் எழுத்தில் பெரிய சுழி, கடைசி எழுத்து கீழே இறங்கி வால் மாதிரி நீண்டிருக்கிறது. அந்த வாலை எனக்குத் தெரியும். என் தடுப்பூசி அட்டையில் நான்கு இடத்தில் இருக்கிறது. அம்மா எனக்கென்று விட்டுப்போன எழுத்து அந்த நான்கு கையெழுத்துதான்.

ஆனால் அம்மா டைப்பிஸ்ட் அல்லவா. அப்பா அப்படித்தான் சொல்வார், ரேடியோ ஸ்டேஷனில் டைப்பிஸ்டாக இருந்தாள், வேகமாக அடிப்பாள் என்று. எனக்கு நான்கு வயது முடிவதற்குள் போய்விட்டாள், நெஞ்சில் ஏதோ. மூன்று புகைப்படம் இருக்கிறது, ஒரு புடவை இருக்கிறது, குரல் மட்டும் இல்லை. அம்மா குரல் எப்படிப்பா இருக்கும் என்று கேட்டால் அப்பா கூரையைப் பார்த்து யோசிப்பார். “நல்லாத்தாம்மா இருக்கும்.” நல்லா என்றால், கனமா மெலிசா? “சாதாரணமா... பேசுற மாதிரி இருக்கும்.” இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய. சின்ன வயதில் நானே அவளுக்குக் குரல் மாட்டிப் பார்ப்பேன், கணக்கு டீச்சர் குரல், பக்கத்து வீட்டு அத்தை குரல், செய்தி வாசிக்கிறவள் குரல், எதுவும் புகைப்படத்தில் இருந்த அந்த முகத்துக்குப் பொருந்தாது. அந்த ஸ்டேஷன் நாடாக்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற இந்த வேலைக்கு நான் வந்ததும் அதற்காகத்தான், யாரிடமும் சொன்னதில்லை. குரல் கிடைக்கும் என்ற நப்பாசைகூட இல்லை, டைப்ரைட்டர் சத்தமாவது கிடைக்காதா, அவ்வளவுதான். ஒலிப்பதிவு அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அடித்துக்கொண்டிருந்திருப்பாளே. மூன்று நாடாக்களில் கிடைக்கவும் கிடைத்தது, நிகழ்ச்சி நடத்துகிற பேராசிரியர் மூச்சு விடுகிற இடைவெளியில், தூரத்தில், டக் டக் டக்கென்று... அதை என் போனில் போட்டு வைத்திருக்கிறேன், பஸ்ஸில் போகும்போது கேட்பேன். பைத்தியக்காரி.

இந்த ‘ஏன் அப்படி’ வரிசையில் எங்கள் வட்டாரமே இருக்கிறது. பேராசிரியர் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு போகாத இடமில்லை, பாலம் திறந்த அன்று முதல் ரயில் வருகிற சத்தம், அது ஏன் கிட்டே வரும்போது கீச்சென்றும் போகும்போது கனத்தும் கேட்கிறது என்று ஒரு விளக்கம், வெள்ளம் வந்த வருடம் எந்தத் தெருவில் எந்தப் படி வரை தண்ணீர் ஏறியது என்று சலவைக்காரர் சொல்வது, அவரே துணி காய வெயிலைவிடக் காற்றுதான் முக்கியம் என்று பேராசிரியருக்கே பாடம் எடுப்பது... எல்லாவற்றையும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு நொடி விடாமல் கேட்டிருக்கிறேன். எல்லாவற்றையும் என்றா சொன்னேன்? ஒவ்வொரு நாடாவின் தொடக்கத்திலும் பன்னிரண்டு நொடி உண்டு. நாற்காலி இழுபடும், ஒரு பெண் இருமுவாள், எண்ணைச் சொல்வாள், தலைப்பைச் சொல்வாள், அப்புறம் இசை வரும். விதிப்படி இசையிலிருந்துதான் நிகழ்ச்சி, அதற்கு முன்னால் இருப்பதை வெட்ட வேண்டும். வெட்டினேன். இருநூற்றுப் பதினோரு தடவை. அவளுக்கு இருமல் மேடம் என்று பெயர் வைத்ததும் நானேதான், பக்கத்து மேசையில் அட்டவணை போடுகிற அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். நூறைத் தாண்டியதும் இருமல் கூடியது, எண்ணைச் சொல்வதற்குள் இரண்டு தடவை நிறுத்துவாள், நான் சலித்துக்கொண்டு, அட சொல்லித் தொலையேன்மா என்று... சொல்லியிருக்கிறேன். வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவளைத் தேடிக்கொண்டு, காதுக்குள் பேசினவளை வெட்டி எறிந்திருக்கிறேன்.

வெட்டாத முழுப் பிரதி ஒரு மாதம் கம்ப்யூட்டரில் இருக்கும், ஆகவே கடைசி ஏழெட்டு நாடாவாவது... தாளைப் பார்த்ததும் முதலில் இன்ஜினியர் அறைக்குத்தான் ஓடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “நீங்கதானேம்மா மெஷின் ஆமை மாதிரி போகுதுன்னு உயிரை எடுத்தீங்க. வெள்ளிக்கிழமையே எல்லாத்தையும் காலி பண்ணிட்டேன்.” ஆமாம், நான்தான். நாடாக்களோ ஒரு தடவை பாடிவிட்டு வெறும் பழுப்பு ரிப்பனாகக் குப்பைக்குப் போய்விட்டன. திரும்பி வந்து உட்கார்ந்தேன், அட்டவணை அக்கா தாளை வாங்கிப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். “யாரு கையெழுத்து இது?” சொன்னேன். அவள் தாளைப் பழையபடி மடித்து என் கையில் கொடுத்தாள். அப்புறம் மெதுவாக, “நான் அப்பவே சொன்னேன்ல, உன் குரல் மாதிரியே இருக்குன்னு. நீதான் எனக்கா இருமல்னு சண்டைக்கு வந்தே” என்றாள். எப்போது சொன்னாள்? சொல்லியிருப்பாள். நான் அடுத்த நாடாவை மாட்டிக்கொண்டிருந்திருப்பேன். இவ்வளவு நாளும் நான் பேசும்போதெல்லாம் அந்தக் குரல் என் தொண்டையில்தான் இருந்ததா... தெரிந்திருந்தால் கொஞ்சம் மெதுவாகப் பேசியிருப்பேனோ என்னவோ.

ஆறிவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு மாட்டினேன், நாடாவை ஹெட்டின் வழியாக இழுத்துக் காலிச் சுருளில் இரண்டு சுற்றுச் சுற்றினேன், இது ஒன்றுதான் மிச்சம், வரிசையில் இதற்கு அப்புறம் நாடாவே கிடையாது, ஏன் இல்லை என்று இத்தனை நாள் நான் யோசித்ததும் கிடையாது. ஓடவிட்டேன். நாற்காலி இழுபட்டது. இருமல். நான் அதோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டேன், மெதுவாம்மா, அவசரமில்லை... “இருநூத்திப் பன்னெண்டு. வாளி.” சாதாரணமாக, பேசுற மாதிரி. அப்பா சொன்னது சரிதான், இதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது. வழக்கமாக இதோடு இசை வந்துவிடும், வரவில்லை, பதிவு செய்கிறவர் போலிருக்கிறது, தூரத்திலிருந்து ஓர் ஆண் குரல், “பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டிருச்சா?” அவள் குரலில் சட்டென்று ஒரு சிரிப்பு, “அதெல்லாம் விட்டிருச்சு சார். இப்ப அவ என்ன பண்றா தெரியுமா, அவ...” இசை. நாடாவை வெட்டி இணைத்த இடத்தில் ஒட்டுகிற வெள்ளை ஒட்டுத்தாள் ஒன்று என் கண் முன்னால் ஹெட்டைத் தாண்டிப் போய்விட்டது. அப்புறம் பேராசிரியர் வாளியில் தண்ணீர் ஊற்றினார், உள்ளே காற்றுக்கு இடம் குறையக் குறைய ஓசை மேலே ஏறும் என்று பொறுமையாக விளக்கினார், தண்ணீர் ஏறியது, ஓசை ஏறியது, நான் நிறுத்தாமல் கடைசி வரை கேட்டேன்.

பிறகு சுருளைக் கையாலேயே பின்னோக்கிச் சுற்றி அந்த ஒட்டு இருந்த இடத்தைத் தேடிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேன். அன்று என்ன செய்துகொண்டிருந்தேன் நான், காய்ச்சல் விட்ட மூன்று வயதில், அவளுக்கு அப்படிச் சிரிப்பு வருகிற மாதிரி? அப்பா இல்லை, கேட்க ஆள் இல்லை, அந்தப் பதிவுக்காரர் யாரோ. சாய்வாக, பிசிறில்லாமல் வெட்டியிருக்கிறார். இசைக்கு இடைஞ்சலாக ஒரு மூச்சுகூட மிச்சம் வைக்கவில்லை. நல்ல வெட்டு, நானாக இருந்தாலும் பிளேடை அங்கேதான் வைத்திருப்பேன்.