புளியில் ஊறிய சவரக்கத்தி

"யாரைக் கேட்டு இதைப் புளியில போட்ட?"

நான் போட்ட சத்தம் பூச்சோங் முழுக்கக் கேட்டிருக்கும். தனலெட்சுமி அசையவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவதற்காகக் குத்துவிளக்கையும் சொம்பையும் புளித்தண்ணீரில் ஊறவைத்திருந்தாள். அந்த வாளிக்குள்தான் என் தோழன் காதருடைய அத்தாவின் சவரக்கத்தியும் கிடந்தது.

"நீங்கதான் கைப்பிடியக் கழட்டிட்டு சிங்க்ல வச்சிட்டு வேலைக்குப் போனீங்க. துருவா இருந்துச்சு. விளக்கோட சேர்ந்து பளிச்சுனு ஆகட்டுமேன்னு போட்டேன். அதுக்கு ஏன் இப்படிக் குதிக்கிறீங்க?"

விளக்கோடு சேர்ந்தாம்! பித்தளைக்குப் புளி சரி. இது பழைய எஃகு. காலையிலிருந்து ஊறி, அடிப்பிடித்த சட்டி மாதிரி கறுத்துக் கிடந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் வாளியை எட்டி உதைத்திருப்பேன், கால் வலிக்குமே என்று விட்டேன்.

பழைய சவரக்கத்திகளைத் தேடி வாங்கி, துரு எடுத்து, மெருகேற்றித் தீட்டுவது என் பொழுதுபோக்கு. பகலெல்லாம் லோரி டிரைவர்களோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு அதுதான் நிம்மதி. ஆனால் இந்தக் கத்தி என்னுடையதில்லை. பிரிக்பீல்ட்ஸில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் என் பள்ளித் தோழன் காதருக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்து மகள் பிறந்திருக்கிறாள். மறுநாள் காலை குழந்தைக்கு ஏழாம் நாள் முடியெடுப்பு. "உன் தலைமுடிய இந்தக் கத்தியிலதான் எடுத்தேன், பேத்திக்கும் இதுலதான்" என்று அவன் அத்தா ஹைதர் அங்கிள் ஒற்றைக்காலில் நின்றார். காதர் என்னை நம்பிக் கொடுத்தான்.

சாயங்கால வெளிச்சத்தில் பால்கனியில் உட்கார்ந்து தேய்த்தேன். கறுப்பு மெல்ல மெல்லப் போனது. அடிப்பக்கத்தில் முடி ஒட்டியது போல ஒரு கோடு மட்டும் போகவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். விளிம்பிலிருந்து பாதி அகலம் வரை வெடிப்பு! நகத்தால் சுண்டினேன். நல்ல கத்தி கணீரென்று பேசும். இது தகரம் மாதிரி டப்பென்றது.

வெடிப்பைத் துரு அடைத்திருந்தது. புளி அதை அரித்து வெளியே காட்டியிருக்கிறது. இல்லாவிட்டால் நான் மேலாக மெருகேற்றி, தீட்டி, பெருமையாகக் கொடுத்திருப்பேன். கத்தியிலிருந்து ஒரு சில்லு பெயர்ந்து அந்தப் பச்சைமண் தலையில் குத்தியிருந்தால்?

"அப்பாடா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

தனலெட்சுமி எட்டிப் பார்த்தாள். "என்ன, போச்சா?"

"போச்சு. நல்லவேள, போச்சு."

காதருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"அலாமாக்! அத்தாகிட்ட எப்படி மச்சான் சொல்றது? வேற கத்தியத் தொடவே மாட்டேங்கிறாரு லா."

"அவரு கையில இதையே கொடுப்போம். நான் பாத்துக்கிறேன்."

பிறகு இதுவரை எந்தக் கத்திக்கும் செய்யாததைச் செய்தேன். விளிம்பைக் கல்லில் நிமிர்த்தி வைத்துத் தேய்த்துத் தேய்த்து மழுங்கடித்தேன். என் கன்னத்தில் இழுத்துப் பார்த்தேன். கரண்டிக் காம்பு போல வழுக்கிக்கொண்டு போனது.

காலையில் ஹைதர் அங்கிளிடம் வெடிப்பைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தியை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார். பிறகு "பிஸ்மில்லாஹ்" என்று குழந்தையின் தலையில் ஒரே ஒரு முறை இழுத்தார். குழந்தை கொட்டாவி விட்டது. மீதியைப் பார்பர் புது பிளேடால் எடுத்தார். ஒரு கீறல் இல்லை.

"இந்த வெடிப்ப யாருப்பா கண்டுபிடிச்சது?" அங்கிள் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

வாய் வரை 'நான்தான்' வந்தது. பக்கத்தில் தனலெட்சுமி நின்றாள். நேற்றிலிருந்து என்னோடு அவள் சரியாகப் பேசவில்லை.

"என் வீட்டுக்காரி, அங்கிள்."

அவர் எழுந்து, குழந்தையைத் தூக்கி அவள் கையில் கொடுத்தார். அவள் அந்த மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே என் பக்கம் சாய்ந்தாள்.

"அடுத்த வாரம் குத்துவிளக்க நீங்க தேய்க்கிறீங்க."

"தேய்க்கிறேன் தாயே" என்றேன்.