மல்லசமுத்திரம் டிப்போ கம்ப்யூட்டர்

நாமக்கல்லில் ஒரு கோழித் தீவனக் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இப்போதெல்லாம் டிப்போக்களுக்கு நேரில் போவதில்லை. தலைமை அலுவலகத்தில் இருந்தபடி ஒரு கட்டளை கொடுத்தால், எல்லா டிப்போவிலும் புது பில் புரோகிராம் தானாக ஏறிவிடும். அங்கே இருப்பவர்களிடம் எதுவும் கேட்காது. திரையில் எதுவும் காட்டாது.

இந்த முறை தீவன எண்களை மாற்றியிருந்தோம். ஏற்றினேன். என் திரையில் எல்லா டிப்போவுக்கும் நேராகப் பச்சை விழுந்தது. முடிந்தது என்று முதலாளி தனசேகரிடம் சொன்னேன்.

மறுநாள் மல்லசமுத்திரத்திலிருந்து குஞ்சுப் பண்ணைக்குப் போன லாரி திரும்பி வந்தது. உள்ளே முழுக்க முட்டைக்கோழித் தீவனம். பில்லில் பழைய எண். புதுப் பட்டியலில் அந்த எண் முட்டைக்கோழித் தீவனத்துக்கு; கிடங்கில் அதைப் பார்த்து மூட்டை ஏற்றிவிட்டார்கள்.

காலையில் எல்லா டிப்போவும் போனில் கூடுவது வழக்கம். தனசேகர் என்னைக் கேட்டார். போனில் இருந்தபடியே மறுபடி ஏற்றிப் பார்த்தேன். மறுபடியும் பச்சை. என் பக்கம் சரி என்றேன். அதோடு நிறுத்தவில்லை. மல்லசமுத்திரத்தில் பில் போடும் கோகிலவாணியிடம், "படிச்ச புள்ளதான நீ? புதுசு எது பழசு எதுன்னு பார்த்துத் திறக்கத் தெரியாதா?" என்றேன். யாரோ சிரித்தார்கள். அவள் ஏதோ சொல்ல வந்து நிறுத்தினாள்.

"தப்புத்தானுங்க சார்."

அதுவரை என்னை அண்ணா என்றவள்.

சனிக்கிழமைக்கு மேல் அவள் வர வேண்டாம் என்றார் தனசேகர்.

பழையதை அழிக்க நானே பைக்கில் போனேன். டிப்போ வாசலில் சுமை தூக்கும் சின்னண்ணன் திரும்பிவந்த மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, குஞ்சுக்கு முட்டத்தீனி போட்டா நாளைக்கே முட்ட வெச்சிரும்னு பார்த்தீங்களா?"

உள்ளே போனேன். கோகிலவாணி எழுந்து நாற்காலியை விட்டாள். திரை பூட்டியிருந்தது. நடுவில் ஒரு பெயர். ரஞ்சிதா.

என் மனைவி. இதே நாற்காலியில் பில் போட்டவள். போன ஐப்பசியில் காய்ச்சலில் இறந்தாள். அவளிடம் வேலை பழகியவள் கோகிலவாணி. புது ஆள் வந்தால் கம்ப்யூட்டருக்குள் நுழைய அவர் பெயரில் கணக்குத் திறந்து கொடுப்பது என் வேலை. நான் கொடுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

பெயரைப் பார்த்ததும் புரிந்தது. பழைய புரோகிராம் ரஞ்சிதாவின் பெயருக்கு மட்டுமாக ஏறியிருந்தது. நான் அனுப்பியது, ஏற்கெனவே ஒன்று இருப்பதைக் கண்டு பேசாமல் திரும்பியிருக்கிறது. அப்படித் திரும்பினாலும் பச்சைதான் விழும். ஏன் திரும்பியது என்ற விவரம் என் கம்ப்யூட்டருக்கே வந்திருக்கும். நான் திறந்து பார்க்கவில்லை.

"காலையிலயே சொல்லியிருக்கலாமே?"

"அத்தன பேரு கேக்கறப்ப அக்கா பேர எப்படிங்க எடுக்கறது?" அவள் என்னைப் பார்க்கவில்லை. "உங்க காதுபட யாரும் அந்தப் பேரச் சொல்றதில்லைங்க."

பாஸ்வேர்டு கேட்டேன். தயங்கினாள்.

"லேட்டாவருவார்னு அடிங்க. சாயங்காலம் கூட்டிட்டுப் போக நீங்க நேரத்துக்கு வந்ததே இல்லைன்னு அக்கா வெச்சதுங்க."

அடித்தேன். திறந்தது.

தனசேகரைக் கூப்பிட்டுத் தப்பு என்னுடையது என்றேன். "எங்கிட்டச் சொல்லி என்ன ஆவுது? அந்தப் புள்ளய எல்லார்த்துக்கும் முன்னால தான பேசுன? அங்க சொல்லு" என்று வைத்துவிட்டார்.

டிப்போக்காரர்கள் எல்லோரும் இருக்கும் வாட்ஸப் குழுவில் பேசி அனுப்பினேன். "கதிர் பேசறேன். மல்லசமுத்திரம் கம்ப்யூட்டர் இன்னமும் என் சம்சாரம் ரஞ்சிதா பேர்லதான் இருக்குது. அத மாத்தாதது நான். அதனாலதான் புதுசு ஏறல. கோகிலவாணி மேல தப்பு இல்ல. காலையில நான் பேசுனது தப்பு." ரஞ்சிதாவின் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பல மாதம் ஆகியிருந்தது. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

பிறகு தனசேகர் எழுதினார்: அந்தப் புள்ள இருக்கட்டும்.

பழையதை நீக்கவா என்று திரை கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். கோகிலவாணிக்கு அவள் பெயரில் திறந்து, புதியதை ஏற்றினேன். இந்த முறை நேரம் பிடித்தது.

ஏறி முடிந்ததும் அவள் உட்கார்ந்தாள்.

"வண்டி நிக்குதுங்ணா. பில் போட்டர்லாங்களா?"

போடச் சொன்னேன்.